சத்தம் கூடுன ஜெனரேட்டர்

"ஓடுறதே தெரியாதுக்கா, அம்புட்டு அமைதி" என்று புது ஜெனரேட்டரைத் தட்டிக் காட்டினான் ராஜபாளையத்துக் கடைக்காரன் செல்வின்.

நாகஜோதி பதறிப்போனாள். "அது வேண்டாம் தம்பி. இருக்கதுலயே சத்தம் கூடுனதா காட்டு."

"வீட்டுல என்னென்ன ஓட்டணும்? ஃபேனா, ஃபிரிட்ஜா?"

"ஒண்ணும் ஓட்ட வேண்டாம்."

அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தான் செல்வின். கடையே அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நாகஜோதி வாசலில் நின்ற ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவள் புருஷன் கருத்தையா வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

செல்வின் சுவிட்சுக்குக் கை நீட்டினான்.

"அமத்திராத தம்பி!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நூல் மில்லுல வேலை, மில்லுச் சுவரை ஒட்டியே வீடு. மில்லை மூடுனதுலேர்ந்து இப்பத்தான் கண்ணசந்திருக்காவ."