சத்தம் குறைந்த ரம்பம்

"இதைவிடச் சத்தம் கம்மியா ஒண்ணு இருக்கா?" என்று தையல்காரர் மறுபடியும் கேட்டார்.

கடைக்காரர் அலமாரியிலிருந்து இன்னொரு பேட்டரி ரம்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெட்ரோல் ஊற்ற வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், விசையை அமுக்கினால் செயின் ஓடும், வீட்டு மரத்தைக் கழிக்க இது தாராளம் என்றார்.

தையல்காரர் அதைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. எடை என்ன, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு காதுக்கு அந்தச் சத்தம் எட்டக் கூடாது.

அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் இப்போது அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணனுக்குப் பார்வை போய் ரொம்பக் காலமாகிறது. ஆனால் மிக்ஸியோ, தண்ணீர் பம்போ, மோட்டார் வைத்த எதையும் அவரைக் கூட்டிப்போய் ஓடும் சத்தத்தைக் கேட்க வைக்காமல் அந்தத் தெருவில் யாரும் வாங்குவதில்லை. அப்படி ஒரு பழக்கம் ஊறிப்போய்விட்டது. சொல்லாமல் வாங்கினால் கோபித்துக்கொள்வார். கோபித்தால்கூடப் பரவாயில்லை, ஏன் சொல்லவில்லை என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் தையல்காரரே போய், கொய்யாவைக் கழிக்க வேண்டும், கொஞ்சம் வாங்கண்ணே என்று கூப்பிட்டிருந்தார்.

கொய்யாவாவது மண்ணாவது. வெட்டப்போவது அண்ணன் வீட்டு மாமரத்தை.

அதன் பெரிய கிளை ஒன்று சுவரைத் தாண்டி வந்து தையல் அறை ஜன்னலை அடைத்துக்கொண்டுவிட்டது. பட்டப்பகலில் விளக்குப் போட்டும், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் எங்கே போகிறதென்று தெரியவில்லை. போன வாரம் ஒரு கோட்டின் கை கோணலாகி, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நேரே கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கிளையின் நிழலில்தான் அண்ணன் பொழுதுக்கும் நாற்காலி போட்டு உட்காருவார். கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று மின்வாரிய ஆட்கள் வந்தபோதே தொடவிடாமல் விரட்டியவர்.

காலையில் அண்ணன் உள்ளே ரேடியோ கேட்கும் நேரத்தில் அறுத்துவிடலாம். காற்றில் முறிந்தது என்று சொன்னால் ஆயிற்று. கண் தெரியாத மனிதரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதா என்று நெஞ்சு குத்தியது. குத்தட்டும் என்று கிளம்பி வந்துவிட்டார்.

கிளை எவ்வளவு தடிமன் என்று கேட்டார் கடைக்காரர்.

"சின்னதுதாங்க. கொய்யாக் கிளை, கட்டை விரல் கனம் இருக்கும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. கைகள் இரண்டும் தம்பாட்டுக்கு விரிந்து ஒரு தொடையின் சுற்றளவைக் காட்டிக்கொண்டிருந்தன. வாழ்நாள் முழுக்க அளவெடுத்த கைகள், அளவில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கடைக்காரர் கையைத்தான் பார்த்தார். "அவ்வளவு பெருசா? அப்போ நாலு இஞ்ச் பிளேடு பத்தாது. எட்டு இஞ்ச் எடுத்துக்குங்க."

தையல்காரருக்குத் திருடனைத் தேள் கொட்டினாற்போல் ஆயிற்று. ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கைத்தடியின்மேல் தாடையை ஊன்றிக்கொண்டு, காதில் விழாதவர்போல் இருந்தார்.

எட்டு இஞ்சில் இரண்டுதான் இருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். முதலாவது தூங்குகிறவர் மூச்சு விடுவதுபோல் ஓடியது. தையல்காரரின் மனசு அதன்மேலேயே விழுந்துவிட்டது. இரண்டாவது கடையையே இரண்டாக்கியது.

"ரெண்டாவதை எடு தம்பி," என்றார் அண்ணன்.

"காது கிழியுதேண்ணே. மொதல்ல ஓடினதுதானே நல்லாருக்கு?"

"நல்ல மோட்டார்தான். நான் இல்லேங்கல."

கடைக்காரர் பெட்டி எடுக்க உள்ளே போகும்வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு கையை நீட்டித் துழாவி, தையல்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில அந்த மாங்கிளைக்கு அடியிலதான் உங்க அக்கா சருகு கூட்டிட்டு இருப்பா. என்னிக்கு வெட்டப்போறேன்னுகூட நீ சொல்ல வேணாம். சத்தம் எனக்குக் கேட்டா போதும், போய் அவ கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்துடுவேன்."

அண்ணனின் மனைவியான அந்த அக்காவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அது தெருவுக்கே தெரியும். தலைக்கு மேல் கிளை முறிந்தால்கூட அவர் நிமிர்ந்து பார்க்கப்போவதில்லை. இத்தனை நாளும் அண்ணனின் காதையே நினைத்துக்கொண்டிருந்த தையல்காரருக்கு அக்காவின் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். தலையாட்டினால் அண்ணனுக்குத் தெரியாது என்று உறைத்ததும், "ரெண்டாவதையே கட்டிடுங்க" என்று கடைக்காரருக்கு உள்ளே குரல் கொடுத்தார்.