பாதசாரி வேலை

கார் திருடித் தப்பியோடும் ஒரு வீடியோ கேமுக்குள் பாதசாரியாக நடப்பதுதான் குயிலிக்கு வேலை. ஆடுபவர்கள் காரை ஏற்றினால், வேலையின்போது அவள் மாட்டியிருக்கும் மின்சட்டை அதிர்ந்து உடம்பையே உலுக்கிவிடும். அங்கே நடமாடுவது நிஜ மனிதர்கள் என்று வெளியில் சொன்னால் வேலை போய்விடும். கணவனிடம்கூட அவள் சொன்னதில்லை.

அன்று வீடு திரும்பியபோது கணவன் தணிகாசலம் அதே கேமை ஆடிக்கொண்டிருந்தான்.

"எந்தத் தெருவுல வேணாலும் போலாம் குயிலி. ஜனங்க நெஜமாவே பயந்து ஓடுறாங்க! ஒரே தொல்ல, பிரேக் போட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இந்தா, நீ ஓட்டிப் பாரு."

அவள் ஓட்டினாள். எதிரே ஒரு பூக்காரி ஓட வழியில்லாமல் நின்று, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். முகம் வேறாக இருந்தாலும் அது மாலை ஷிஃப்ட்டில் இருக்கும் தோழி பிலோமினாவின் பழக்கம். குயிலி பிரேக்கை அழுத்தினாள்.

"போச்சு! ஏன்டி நிறுத்துன? அது வெறும் பொம்ம."

அவன் கருவியைப் பிடுங்கி மறுபடி ஆரம்பித்தான். கார் அதே தெருவுக்குள் திரும்பியது.

"வேற தெருவுல போங்களேன்."

"ஏன், இங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல" என்றாள் குயிலி.