குதிரைப் புத்தகங்களுக்குள் ஒரு கடிதம்

'லவ்' என்ற சொல்லை வாசிக்கிற அளவுக்குத் தவமணிக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. அதுதான் கரைச்சலாய்ப் போயிற்று.

கடிதத்தின் அடியில், நீல மையில், சாய்ந்த எழுத்தில் இருந்தது: 'லவ், மார்கரெட்.'

"வடிவாப் பார், தங்கச்சி. வேற என்னவோவாய் இருக்கும்," என்றாள் பரிமளம். அதே மாடியில் இரண்டு கதவு தள்ளி இருப்பவள். தவமணி போன் பண்ணியதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"வேற என்னவா இருக்கும், அக்கா?"



உடுப்பு வைக்கிற குளோசெற்றைத் துப்புரவாக்கப் போன இடத்தில்தான் அந்த மட்டைப்பெட்டி அகப்பட்டது. புருசன் விநாயகமூர்த்தியின் குளிர்ச்சட்டைகளுக்குப் பின்னால், மூலையில் தள்ளி வைத்திருந்தது. உள்ளே இருபது முப்பது பழைய சஞ்சிகைகள். எல்லாவற்றின் அட்டையிலும் பிளாஸ்ரிக் குதிரை. கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறம்.

"உது பொம்மைக் குதிரை சேர்க்கிற சனத்துக்கு வாற புத்தகம். இஞ்ச அதுக்கும் புத்தகம் இருக்கு," என்றாள் பரிமளம்.

"பிறம்ரன் பக்கம் வெயர்ஹவுசில பெட்டி ஏத்தி இறக்கிற மனுசனுக்குக் குதிரை என்னத்துக்கு, அக்கா?"

ஒன்றைப் புரட்டக் கடிதம் விழுந்தது. மற்றதைப் புரட்ட இன்னொன்று. மொத்தம் ஏழு. எல்லாம் ஒரே கையெழுத்து.

"எந்த வருசத்துப் புத்தகங்கள்?"

"தொண்ணூறில இருந்து தொண்ணூற்றிநாலு மட்டும்."

சொல்லிவிட்டுத் தவமணி விரல் விட்டு எண்ணினாள். அவளும் பிள்ளையும் கனடாவுக்கு வந்து சேர்ந்தது தொண்ணூற்றைந்தில். அவர் வந்தது எண்பத்தொன்பதில்.

"ஆறு வருசம் தனிய இருந்த ஆம்பிளை," என்று பெருமூச்சு விட்டாள் பரிமளம். "முந்தி பார்க்டேல் பக்கம் இருக்கேக்க இப்பிடி எத்தினை கதை கேட்டனான்."

கதவு திறந்தது. பள்ளிக்கூடப் பையோடு மகள் நிலாணி. தவமணி காலால் பெட்டியை சோபாவுக்குக் கீழே தள்ளப் பார்த்தாள். பதினொரு வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தப்புமா?

"வாவ்! குதிரை! ஆற்றை இது, அம்மா?"

பரிமளம் தவமணியின் காதுக்குள் சொன்னாள்: "பிள்ளையைக் கொண்டு வாசிப்பி."

"ஐயோ, வேண்டாம். அவளுக்குத் தகப்பனெண்டா உயிர்."

"எனக்கு பஸ் நம்பர் வாசிக்கத்தான் தெரியும். வேற ஆரிட்டக் கொண்டு போகப் போறாய்? மனுசன் அஞ்சு மணிக்கு வந்து நிப்பார்."

மணி நாலாகப் போகிறது. தவமணி கடிதத்தை நீட்டினாள்.

நிலாணி ஆங்கிலத்தில் முணுமுணுத்து, பிறகு தமிழில் சொன்னாள்.

"'அன்புள்ள விநாயகம், குதிரையின்ரை உடைஞ்ச கால் ஒட்டிற்றுதோ? எனக்கு எழுபத்திரண்டு வயசு. கை நடுங்கிறதால எழுத்தைக் குறை நினைக்காதையுங்கோ...'"

தவமணிக்கு மூச்சு வந்தது. எழுபத்திரண்டு! பரிமளம் கூடச் சிரித்துவிட்டாள்.

"'உங்கட குட்டி மகளுக்கு என்ரை முத்தம். உங்கட மனைவி சமைக்கிற சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்கும் பசி வந்திட்டுது. லவ், மார்கரெட்.'"

பரிமளத்தின் சிரிப்பு நின்றது.

"திகதி என்ன, பிள்ளை?"

"ஒக்ரோபர், நைன்ரீன் நைன்ரி வன்."

அந்த ஒக்ரோபரில் தவமணி ஊரில், கொக்குவிலில் இருந்தாள். அவரிடமிருந்து நாலு மாதமாய் ஒரு கடிதமும் வராமல், தபால்காரர் போகிற ஒழுங்கையையே பார்த்துக்கொண்டு.

இங்கே ஒரு குட்டி மகள். இங்கே சமைக்கிற ஒரு மனைவி.

பரிமளம் அவளைக் குசினி வாசலுக்கு இழுத்துப் போனாள். "கிழவியை விடு. மனுசன் இஞ்ச ஒரு குடும்பமே வச்சிருந்திருக்கிறார். மொன்றியலில உன்ரை அண்ணன் இருக்கிறார்தானே? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இண்டைக்கே வெளிக்கிடு. நான் பஸ்ஸுக்குப் போன் அடிச்சுக் கேக்கிறன்."

அவள் குசினிக்குள் போனை எடுத்தாள். தவமணி முன்னறைக்குத் திரும்பி வந்தாள். எந்த உடுப்பை எடுப்பது, பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது, பிள்ளைக்கு என்ன சொல்வது? ஒன்றும் ஓடவில்லை.

"அம்மா, இஞ்ச பாருங்கோ! இந்த நைன்ரி வன் புத்தகத்தில அப்பாவின்ரை பேர் அச்சில வந்திருக்கு. வாசகர் கடிதம்!"

"போதும், பிள்ளை. வாசியாதை."

நிலாணி அதற்குள் தொடங்கிவிட்டாள்.

"'எங்கட வீட்டில ஒரேயொரு குதிரைதான் இருக்கு. கால் உடைஞ்சுபோச்சு. எப்பிடி ஒட்டுறதெண்டு ஆராவது சொல்லுங்கோ. அது என்ரை மகளின்ரை குதிரை. அவளுக்கு அஞ்சு வயசு. நான் இதை எழுத, பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மனைவி சாப்பிடக் கூப்பிடுறா. நான் எழும்ப வேணும். தவமணி கோவிப்பா. ஆனா நிலாணி என்னை எழும்ப விடுறாள் இல்லை.'"

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நைன்ரி வன்னில நாங்கள் இஞ்ச இல்லையே? அப்பா ஏன் பொய் எழுதினவர்?"

தவமணி நிலத்தில் இருந்துவிட்டாள். அந்தப் பக்கத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாசிக்கத் தெரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாய் விரலால் தடவினாள்.

பரிமளம் குசினியிலிருந்து அவசரமாய் வந்தாள்.

"ஆறரைக்கு ஒரு பஸ் இருக்காம். கெதியா வெளிக்கிடு. அது சரி, அந்த ஆறு வருசமும் இவரோட இருந்தது ஆரெண்டு தெரிஞ்சிட்டுதோ?"

"ஓம், அக்கா," என்றாள் தவமணி. "நானும் பிள்ளையும்தான்."