வாங்க, அமலி

கால்மிதியில் விழும் எடையை வைத்துத்தான் அந்த வீட்டுக் கதவு ஆளை அடையாளம் கண்டு, பேர் சொல்லித் திறக்கும். போன வருஷம் ஓட்டப் போட்டிக்காக பிரிசில்லா வயிற்றைக் காயப்போட்டுக் கிடந்த நாட்களில், ஒரு தடவை அது "வா, ஜோயல்" என்றது. ஜோயல் ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பி. அன்றைக்கு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த மாதமே பயிற்சியின் நடுவில் கால் எலும்பு விரிசல் விட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்து, வேளை தவறாமல் சாப்பிட வைத்து அனுப்பினார்கள். இன்று ஊன்றுகோலோடு வந்து கால்மிதியில் ஏறினாள்.

"வாங்க, அமலி" என்றது கதவு.

அம்மாவின் பேர். பிரிசில்லாவின் முகம் தொங்கிவிட்டது.

"மத்தியானம் எனக்குச் சோறு வேண்டாம்மா."

பையோடு பின்னால் வந்த அமலி நின்றாள். "ஏட்டி, என் பேரு உனக்கு அவ்வளவு கேவலமாவா போச்சு? ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓடாத அன்னைக்கு உன்னைய மூணு மாடி தூக்கிட்டு ஏறுனது இந்த உடம்புதான்."

பிரிசில்லா கதவில் இருந்த, புதிய ஆளைப் பதியும் பொத்தானை அமுக்கினாள்.

"இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நில்லுங்கள்."

ஊன்றலாம் என்று டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார். அவளுக்குத்தான் பயம். ஊன்றுகோலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, காலை மெல்ல இறக்கினாள். முழுப் பாரத்தையும் எலும்பு தாங்கியது.

"பெயர்?"

"பிரிசில்லா."

"பழைய பிரிசில்லாவை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா?"

"அழிச்சிரு" என்றவள், அம்மா பக்கம் திரும்பினாள்.

"என்ன குழம்பும்மா?"