பதினான்காம் நம்பர் காற்றாடி

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மின்சாரம் எடுக்கும் மற்ற காற்றாடிகள் எல்லாம் சுழலும்போது பதினான்காம் நம்பர் மட்டும் சும்மா நிற்கும். இலைகூட அசையாத மத்தியானத்தில் தானாகச் சுற்றும். ஐரோப்பாவில் இருபது வருடம் ஓடி, போதுமென்று அவர்கள் கழித்துக் கப்பலேற்றிவிட்ட சரக்கு அது.

மார்கழியில் அதற்குக் கிரீஸ் போட ஏறிய நாராயணபெருமாள், உச்சிப் பெட்டியின்மேல் முழங்கால் அளவு பனி கிடப்பதைக் கண்டார். கூட வேலை பார்க்கும் சஜின் போனைத் தடவிப் பார்த்தான்.

“அதுக்க பழைய ஊர்ல இப்பம் பனி கொட்டுதாம், அண்ணாச்சி.”

தூக்குச்சட்டியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி சொர்ணம்மாள் அதைப் போட்டு நன்னாரி சர்பத் கலக்கினாள்.

“நாளைக்கு பெரிய சட்டியா கொண்டு போங்க. அடுத்த வீட்டுக்காரிக்கும் வேணுமாம்.”

கம்பெனிக்குச் சர்பத்தால் பிரயோஜனமில்லை. காற்றாடியைக் கழற்றி ஆப்பிரிக்காவுக்கு விற்றுவிட்டது. பொருத்திக் கொடுக்கச் சஜினும் போனான். சொர்ணம்மாள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

வைகாசிக் கடைசியில் சஜின் போனில் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, பத்து நாளா அசையாம நின்னது இப்பம் சுத்துது. இங்க ஒரு பொட்டுக் காத்து கிடையாது. இறக்கையில இருந்து தண்ணி வேற சொட்டுது. மழையே பெய்யாத ஊராக்கும் இது.”

நாராயணபெருமாள் சன்னல் வழியே பார்த்தார். கணவாயில் காற்றாடிகள் அப்போதுதான் சுழலத் தொடங்கியிருந்தன. மலையிலிருந்து மழை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது.

“அது நம்ம சாரலாக்கும், மக்கா,” என்றார். “துணி காயப்போட்டிருந்தா எடுத்துரு.”