கண்டாக்கு வீட்டு ரோசா

"நான் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதையும் தொட்டுறாதீங்க!"

மகளின் பிரசவத்துக்காக மஸ்கெலியாவுக்குப் புறப்பட்ட நாகலெட்சுமி, வாசலில் இருந்த ஆறு ரோசாச் சட்டிகளைக் கைக்குழந்தையை ஒப்படைப்பதுபோல் கணவரிடம் ஒப்படைத்தாள்.

கணவர் பொன்னையா, டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு. முற்றிய தேயிலையை மட்டமாக வெட்டிப் புதுத்துளிர் வரவழைக்கும் கவ்வாத்து வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று துரை ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உத்தியோகஸ்தர் வீடுகளில் நல்ல பூந்தோட்டம் எதுவென்று பார்த்து வருசா வருசம் துரைசாணி ஒரு கப்பு கொடுப்பாள். மூன்று வருசமாக அதைத் தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரின் சம்சாரமே தட்டிக்கொண்டு போனதில் நாகலெட்சுமிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வருசம் விடுவதாக இல்லை.

துரைசாணி வருவதற்கு முதல் நாள்தான் ஊர் திரும்ப முடிந்தது. பெட்டியோடு நேரே சட்டிகளிடம் ஓடினாள். ஆறிலும் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது.

"பரவாயில்லையே! சொன்ன பேச்சக் கேட்டிருக்கீங்க!"

"பின்ன, என்னைய என்னன்னு நெனச்ச?" என்றார் பொன்னையா, மீசையைத் தடவியபடி.

சாயங்காலம், பேரன் பிறந்த சந்தோசத்துக்கு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் கல்கண்டு கொடுக்கக் கிளம்பினாள்.

"மழை வரும்போல இருக்கு. நாளைக்குக் குடுக்கலாமே" என்றார் அவர். அவள் கேட்கவில்லை. அவரும் பின்னால் போனார்.

கொழுந்து பறிக்கும் காளியாயியின் வாசலில் நாகலெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். ஆறு மண்ணெண்ணெய்த் தகரங்களில் ஆறு மொட்டைக் குச்சிகள்.

"அடியே, போன வருசம் என் செடியில ஒடிச்சுக் குடுத்த குச்சியா இது? நான் போறப்ப மொட்டும் பூவுமா இருந்துச்சே!"

காளியாயி தலையைக் குனிந்துகொண்டாள். "வெட்டிவிட்டா நல்லா வரும்னு... தப்பாப் போச்சுங்கம்மா."

"இது என்ன தேயிலையா, மட்டமா வெட்டுறதுக்கு? எந்த மடச்சியாவது ரோசாவக் கவ்வாத்து வெட்டுவாளா?"

பொன்னையாவும் சேர்ந்துகொண்டார். "ஆமா காளியாயி, கத்தியக் கையில எடுக்கிறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிக்க வேணாமா?"

காளியாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "யோசிச்சிருக்கணுங்க ஐயா."

"இனிமே ஒரு குச்சி கேட்டு என் வாசப்படி ஏறாத! இந்தத் தகரத்தையெல்லாம் தூக்கி ஆத்துல வீசுங்க!"

"ஐயோ, வேணாங்கம்மா!" காளியாயி தகரங்களுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"கெடந்துட்டுப் போவுது, விடு நாகு" என்று பொன்னையாவும் அவசரமாகச் சொன்னார்.

எவ்வளவு இளகின மனசு இந்த மனுசனுக்கு என்று நாகலெட்சுமி பெருமைப்பட்டாள்.

மறுநாள் துரைசாணி வந்தாள், ஒரு பூவை முகர்ந்தாள், கப்பைக் கொடுத்தாள். டீமேக்கர் சம்சாரத்தின் முகம் கறுத்துப்போனது. "வளர்க்கிறதுக்குக் கைராசி வேணும். லயத்துல இருக்கிறதுகளுக்கு அதெல்லாம் எங்க வரப்போவுது!" என்று நாகலெட்சுமி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். கூட்டத்தோடு நின்ற காளியாயியும் கைதட்டினாள்.

அடுத்த நாள் காலைப் பெரட்டில், பொன்னையாவிடம் பேர் பதிந்து எல்லாரும் மலைக்குப் போன பிறகு காளியாயி மட்டும் தயங்கி நின்றாள்.

"என்ன காளியாயி?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க கவ்வாத்து வெட்டுன அம்மாவோட செடி ஆறும் துளிர் விட்டிருச்சுங்க ஐயா. கப்பும் வாங்கியாச்சு... என்னோட ரோசாவ எப்பங்க திருப்பித் தருவீங்க?"