பாட்டு முடிகிற வரைக்கும்

இரண்டாவது வரி பாடும்போதுதான் அவள் அப்பாவைப் பார்த்தாள்.

மேடையில் தனியாக நின்றிருந்தாள். போன வாரம் பாட்டுப் போட்டியில் ஏழு பேரைப் பின்னுக்குத் தள்ளி முதலாவதாக வந்தவள். ஜெயித்த பிள்ளைதான் தேசிய தினத்தன்று கொடிக்குக் கீழே நின்று நாட்டு வாழ்த்தைப் பாடவேண்டும் என்பது பள்ளிக்கூடத்து வழக்கம்.

எதிர்ப்பக்கம் விருந்தினர்களுக்கான தார்ப்பாய்க் கொட்டகை. போட்டது அப்பா. மில்லில் மூட்டை தூக்குவது போக, இந்த மாதிரி வேலை வந்தாலும் விடமாட்டார். முந்தின நாள் முழுக்க அவரும் கூட்டாளியும் இரும்புக் குழாய்களை நிறுத்தி, திருகு முறுக்கி, கயிறு இழுத்துக் கட்டினார்கள்.

ராத்திரி பெய்த மழை தார்ப்பாயின் நடுவில் தொப்பை போட்டு நின்றது. காலையில் கழியால் குத்தி வடிக்கப் போனவரைத் தலைமை ஆசிரியர் தடுத்துவிட்டார். விரித்த கம்பளம் நனைந்துவிடுமாம். விருந்தாளிகள் போனபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாமாம்.

இப்போது பின்பக்கத்துக் குழாய் ஒன்று மூட்டிலிருந்து கழன்று தரையில் கிடந்தது.

அது நின்ற இடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

வலது கை தலைக்கு மேலே. அந்தக் கையின்மேல் குறுக்குக் குழாய். அதன்மேல் மொத்தத் தொப்பையும்.

கொட்டகைக்குள் இருபது பேர் இருந்தார்கள். பெரிய மனிதர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ஒரு கைக்குழந்தை. எல்லார் முகமும் கொடியைப் பார்த்து. தங்கள் தலைக்கு மேலிருக்கும் கூரை எதன்மேல் நிற்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு பக்கமும் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குத் தெரிந்தது. அவர்கள் அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் அதுவாக எழுந்து போகிறவரை நிற்கவேண்டும் என்று தலைமை ஆசிரியர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் காலைச் சொறிந்தவனுக்கு முட்டி பழுத்தது.

விளையாட்டு வாத்தியார் ஐந்தடி தள்ளி, கொடிக்குச் சல்யூட்டாக நெற்றியில் கை வைத்து நின்றார். அவருடைய கண் மட்டும் பக்கவாட்டில் போய்ப் போய் வந்தது. கூட்டாளி மூன்றடி தூரத்தில், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, அழுகிறவன் மாதிரி முகத்தை வைத்திருந்தான்.

அவள் வேகமாகப் பாடிப் பார்த்தாள். சீக்கிரம் முடிந்தால் எல்லாரும் ஓடுவார்கள். பாட்டு டீச்சர் ஆர்மோனியத்திலிருந்து நிமிர்ந்து ஒரு முறை முறைத்தார். வேகம் பழையபடி இறங்கிவிட்டது.

நடுவில் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. நாட்டு வாழ்த்தை நடுவில் நிறுத்தின யாரையும் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை.

நூறு கிலோ மூட்டையைப் பேசிக்கொண்டே தோளுக்கு ஏற்றுகிற கை அது. அதன் முழங்கை நடுங்குவது மேடை வரைக்கும் தெரிந்தது. அப்பா குழாயைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது. ஒரு மாதமாக வீட்டில் கேட்டுக் கேட்டு அவருக்கும் மனப்பாடம்.

முதல் பாகம் முடிந்தது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த தலைமை விருந்தினர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, ஒரு தரம் தலையை ஆட்டினார்.

அவள் மூச்சை இழுத்து இரண்டாவது பாகத்தை எடுத்தாள்.

ஆர்மோனியம் ஒரு நொடி தடுமாறி, பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டது. நெற்றியிலிருந்து பாதி இறங்கிவிட்ட வாத்தியாரின் கை மறுபடி மேலே ஏறியது. ஒரு கால் முன்னால் வைத்துவிட்ட கூட்டாளி அதைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

அப்பாவின் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. மறுபடி மடங்கியது.

கடைசிச் சொல் வரைக்கும் அவர் விடவில்லை.

அதற்கப்புறம் ஆறு பேர் பாய்ந்து குழாயைப் பிடித்தார்கள். தண்ணீர் மொத்தமும் கம்பளத்தில் கொட்டியது. ஒருவருக்கும் சின்னக் கீறல்கூட இல்லை. தலைமை விருந்தினர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். பாட்டு டீச்சரையும் கூப்பிட்டுப் பாராட்டினார். டீச்சர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

அப்பாவின் தோளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. மில்லில் மூட்டைக்கு வாய் தைக்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிடுவது அவள் வேலையாயிற்று.

வேலைக்குக் கூட்டிப்போக வந்த கூட்டாளி ஒருநாள் வாசலில் நின்றபடி கேட்டான். "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேண்ணே. வாயில என்ன பூட்டா போட்டிருந்துச்சு?"

அப்பா சிரித்தார்.

"கத்தினா புள்ள நிறுத்திடும்டா. அப்புறம் மறுபடி முதல்லேருந்து பாடுன்னுவானுங்க. பாட்டு எவ்வளவு நீளமோ, அவ்வளவு நேரம் நின்னேன். அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் தூக்கி, சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள்.

கொடியேற்றும்போது முதல் பாகம் மட்டும் பாடினால் போதும், இரண்டாவது பாகம் போட்டிக்குத்தான் என்று தேசிய தினத்தன்று காலையில் டீச்சர் அவளிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.